சாவிக் கடைக்கு முழு பவர் எதற்கு?

“எழுதுறதுன்னு ஆயிடுச்சு, முழுசா எழுதிடுங்க. அரைகுறையா எழுதினா நாளைக்கு அதுக்கு ஒரு பத்திரம், இதுக்கு ஒரு பத்திரம்னு அலையணும்.” வயதாகிவிட்ட ஒரு கடைக்காரர் தன் கடைப் பொறுப்பைப் பிள்ளையிடமோ, தம்பியிடமோ, பல வருடம் கூடவே இருந்த வேலையாளிடமோ ஒப்படைக்க நினைத்தால் முதலில் காதில் விழும் அறிவுரை இதுதான். பத்திர எழுத்தர் சொல்வார், மைத்துனர் சொல்வார், டீக்கடை பெஞ்சில் பக்கத்தில் உட்கார்ந்திருப்பவரும் சொல்வார். வங்கிக்குப் போனால் அங்கேயும் “ஃபுல் பவர் இருக்கா சார்?” என்றுதான் கேட்கிறார்கள். நாலு பக்கமும் ஒரே பேச்சாக இருப்பதால் சட்டமே அப்படித்தான் சொல்கிறது என்று கடைக்காரர் நம்பிவிடுகிறார்.

சட்டம் அப்படிச் சொல்லவில்லை. காஞ்சிபுரத்தில் பூட்டு விற்று, பழுது பார்த்து, சாவி வெட்டிக் கொடுக்கும் ஒரு சிறு கடையை வைத்து இதைப் பேசலாம். பட்டுக் கடைகளைப் பற்றிப் பேச ஊரில் ஆயிரம் பேர் இருக்கிறார்கள். அந்தப் பட்டும் ஜரிகையும் இரவில் எந்த ஷட்டருக்குப் பின்னால் இருக்கின்றன, பிள்ளையார்பாளையத்தில் ஒரு நெசவாளர் வீட்டு பீரோ சாவி தொலைந்தால் யாரைக் கூப்பிடுகிறார்கள் என்று யோசித்தால் இந்தச் சின்னக் கடையின் எடை தெரியும். ஒரு வைஸ், நாலைந்து அரம், சாவி வெட்டும் மெஷின், சுவர் ஆணிகளில் வரிசையாகத் தொங்கும் வெற்றுச் சாவிகள், திண்டுக்கல்லிலிருந்தும் அலிகாரிலிருந்தும் கடனுக்கு வந்த சரக்கு. கடையின் முதல் அவ்வளவுதான். மீதியெல்லாம் அந்த மனிதர்மேல் ஊர் வைத்திருக்கும் நம்பிக்கை.

இந்தக் கடைக்கு எழுதப்படும் முழு பவரை ஒருமுறை பொறுமையாகப் படித்துப் பாருங்கள். வீடு, மனை, நிலங்களைக் கிரயம் செய்யவும், அடமானம் வைக்கவும், குத்தகைக்கு விடவும், முன்பணம் பெறவும், வழக்கு தொடரவும், சமரசம் செய்யவும், தமக்குப் பதிலாக வேறு முகவரை நியமிக்கவும் அதிகாரம் கொடுத்து, “அவர் செய்யும் எல்லாக் காரியங்களையும் நானே நேரில் இருந்து செய்ததாக ஒப்புக்கொள்கிறேன்” என்று முடியும். பூட்டு, சாவி, சரக்கு, வங்கிக் கணக்கு, வாடிக்கையாளர் என்று பேச்சே இருக்காது. ஒரு வரி இருந்தால் “மேற்படி வியாபாரத்தையும் நிர்வகிக்க” என்று இருக்கும். மனை வியாபாரத்துக்காகப் புழக்கத்தில் வந்த வாசகம் இது. அதில் பெயரையும் விலாசத்தையும் மாற்றிக் கடைக்காரர் கையில் கொடுத்துவிடுகிறார்கள். சாவிக் கடை நடத்த வீட்டு மனையின் சர்வே நம்பர் எதற்கு என்று யாரும் கேட்பதில்லை.

முழு பவர் வேண்டும் என்பவர்கள் பக்கத்திலும் ஒரு நியாயம் இருக்கிறது. கடைக்காரருக்கு முட்டி வலி, கண் மங்கல், பிள்ளைக்கு ஒரகடத்தில் ஷிப்ட் வேலை. வங்கிக்கும் வாடகைக் கச்சேரிக்கும் சரக்குக்காரரிடமும் யாராவது போய்க் கையெழுத்துப் போட்டுத்தான் ஆக வேண்டும். அதற்கு எழுத்தில் அதிகாரம் வேண்டும் என்பதில் எனக்கு மாற்றுக் கருத்து இல்லை. பவர் என்ற பேச்சே வேண்டாம் என்று பயந்து, வெற்றுக் காசோலைகளில் மொத்தமாகக் கையெழுத்துப் போட்டுப் பிள்ளையிடம் கொடுத்து வைக்கிறவர்களும் உண்டு. அது முழு பவரைவிட மோசம். என் சண்டை அந்த ‘முழு’வோடுதான்.

முழு பவர் கொடுக்கும் பெரிய வாக்குறுதியை முதலில் எடுத்துக்கொள்வோம். “உங்களுக்கு ஒண்ணு ஆயிட்டா பையன் பாத்துக்குவான்.” 1872-ஆம் வருட இந்திய ஒப்பந்தச் சட்டத்தின் 201-ஆம் பிரிவைப் படித்த யாரும் இப்படிச் சொல்ல மாட்டார்கள். பவர் கொடுத்தவர் இறந்துபோனால் முகவரின் அதிகாரம் முடிந்தது. அவர் சித்த சுவாதீனம் இழந்தாலும் முடிந்தது. ‘ஒண்ணு ஆயிட்டா’ என்று நாம் சொல்வது இந்த இரண்டைத்தானே? வேண்டாத நாளில் விழித்திருந்து, வேண்டிய நாளில் செத்துப்போகும் பத்திரம் இது. பதிவுத் துறைக்கு இது நன்றாகத் தெரியும். அதனால்தான் பவர் ஏஜென்ட் கிரயம் எழுதிக் கொடுக்க வரும்போது, பவர் கொடுத்தவர் உயிரோடு இருக்கிறார் என்பதற்குப் புதிதாக வாங்கிய சான்றைத் தமிழ்நாட்டில் கேட்கிறார்கள். பத்திரம் எழுதும் மேசையில் மட்டும் இந்தப் பேச்சு எழுவதில்லை.

உடம்பு தளர்வதும் மனம் தளர்வதும் ஒன்றல்ல என்பதையும் இங்கே சொல்லிவிட வேண்டும். பக்கவாதம் வந்து ஒரு கை விழுந்துவிட்டது, ஆனால் புத்தி தெளிவாக இருக்கிறது என்றால் பவர் செல்லும். புதிதாக எழுதவும் முடியும். அலுவலகத்துக்கு வர முடியாத உடல்நிலை உள்ளவரிடம் சார்பதிவாளரே நேரில் போய் அத்தாட்சி செய்ய 1908-ஆம் வருடப் பதிவுச் சட்டத்தின் 33-ஆம் பிரிவு இடம் கொடுக்கிறது. நினைவு தப்பிப்போனவர் விஷயத்தில்தான் எல்லாம் நின்றுவிடுகிறது. முதுமையில் மறதி நோய் மெல்ல மெல்ல வருகிறது. என்றைக்குச் சுவாதீனம் போனது என்று தேதி குறிக்க முடியாது. அந்த நாளுக்குப் பிறகு பிள்ளை போட்ட ஒவ்வொரு கையெழுத்தும், மனம் வைத்தால், யாராவது கேள்வி கேட்கக்கூடிய கையெழுத்து.

பிரிட்டனில் 2005-இல் வந்த சட்டம் ஒன்று, ஒருவர் தெளிவாக இருக்கும்போதே, ‘நாளை என் புத்தி கலங்கினாலும் இந்த அதிகாரம் நிற்கும்’ என்று எழுதி, அதை முறைப்படி பதிவு செய்துகொள்ள வழி செய்தது. சிங்கப்பூரிலும் 2008-இல் அப்படி ஒரு சட்டம் வந்தது. அங்கே வேலை பார்க்கும் நம் பிள்ளைகள் அதைக் கேள்விப்பட்டு, அப்பாவுக்கும் அதேபோல் ஒன்று எழுதலாம் என்று ஊருக்கு வருகிறார்கள். இந்தியாவில் அப்படி ஒரு பத்திரம் கிடையாது. 1987-ஆம் வருட மனநலச் சட்டத்திலாவது, நீதிமன்றம் விசாரித்துச் சொத்துக்கு மேலாளர் நியமிக்கும் வழி இருந்தது. அதை நீக்கிவிட்டு வந்த 2017-ஆம் வருட மனநலப் பராமரிப்புச் சட்டத்தில் அந்த அத்தியாயமே இல்லை. 

அப்படியானால் என்னதான் செய்கிறார்கள்? உயர் நீதிமன்றத்துக்குப் போகிறார்கள். 2024 மே மாதம் சென்னை உயர் நீதிமன்றத்தில், நினைவு திரும்பாமல் கிடந்த கணவரின் சொத்தை விற்று மருத்துவச் செலவையும் குடும்பத்தையும் பார்க்க அனுமதி கேட்டு ஒரு மனைவி வந்தார். தனி நீதிபதி, உரிமையியல் நீதிமன்றத்துக்குப் போகச் சொல்லிவிட்டார். மேல்முறையீட்டில் நீதிபதிகள் ஜி.ஆர்.சுவாமிநாதனும் பி.பி.பாலாஜியும் அடங்கிய அமர்வு அவரைக் கணவருக்குப் பாதுகாவலராக நியமித்தது. சட்டத்தில் வழி இல்லாத இடத்தில் நீதிமன்றம் தன் தனி அதிகாரத்தைக் கொண்டு திறந்த கதவு அது. சொத்து உள்ளவர் வக்கீல் வைத்து அந்தக் கதவைத் தட்டலாம். ஒரு சாவிக் கடைக்காரர் குடும்பம், வங்கிக் கணக்கில் இருக்கும் சில ஆயிரத்துக்காகவும் கடை வாடகை ரசீதுக்காகவும் உயர் நீதிமன்றம் போகுமா?

இதற்கு மாற்று மருந்தாகச் சிலர் ‘ரத்து செய்ய முடியாத பவர்’ என்று தலைப்பிலேயே போட்டு எழுதுகிறார்கள். தலைப்பில் எழுதுவதால் ஒன்றும் ஆகாது. ஒப்பந்தச் சட்டத்தின் 202-ஆம் பிரிவு சொல்வது வேறு. அந்தப் பொருளில் முகவருக்கே சொந்தமாக ஓர் உரிமை இருந்தால், உதாரணமாகக் கொடுத்த கடனை அதிலிருந்து எடுத்துக்கொள்ளும் உரிமை இருந்தால், அவருக்குப் பாதகமாக அதிகாரத்தை முடிக்க முடியாது. பத்து வருடம் கடையில் இருந்த வேலையாளுக்கும், அப்பா கடையைப் பார்த்துக்கொள்ளும் பிள்ளைக்கும் அப்படி ஓர் உரிமை தானாக வந்துவிடாது.

சரி, ஆள் நன்றாகத்தான் இருக்கிறார், புத்தியும் தெளிவு. அப்போதாவது முழு பவர் முழுசாக வேலை செய்கிறதா? அதுவும் இல்லை. பவர் பத்திரத்தை நீதிமன்றங்கள் தாராளமாகப் படிப்பதில்லை. எழுதிய வார்த்தைக்கு மேல் ஒரு முழம் நீட்டுவதில்லை. சென்னையில் ஒரு தேவாலய அறக்கட்டளையின் நிலத்தைப் பற்றிய வழக்கில் 2012-இல் உச்ச நீதிமன்றம், விற்கும் அதிகாரம் பத்திரத்தில் வெளிப்படையாக இருக்க வேண்டும் என்று சொன்னது. ‘எல்லாக் காரியங்களும்’ என்று பொத்தாம் பொதுவாக எழுதினால், அது மேலே வரிசையாகச் சொன்ன காரியங்களை நடத்தத் தேவையான சில்லறை வேலைகளைக் குறிக்கும், அவ்வளவே. 1881-ஆம் வருட மாற்றுமுறை ஆவணச் சட்டத்தின் 27-ஆம் பிரிவு இன்னும் சுவாரஸ்யமானது. வியாபாரம் நடத்தவும், கடனை வசூலித்து அடைக்கவும் பொதுவாக அதிகாரம் கொடுத்திருந்தாலும், மாற்றுச் சீட்டுகளை ஏற்கவோ புறக்கையெழுத்துப் போட்டு மாற்றவோ அதிகாரம் கொடுத்ததாக ஆகாது என்கிறது. அதே சட்டத்தின் 28-ஆம் பிரிவுப்படி, ‘இன்னாருக்காக’ என்று குறிப்பிடாமல் காசோலையில் தன் பெயரை மட்டும் எழுதும் முகவர், அந்தத் தொகைக்குத் தானே பொறுப்பாளி ஆகிவிடுவார். முழு பவர் கையில் இருக்கிறதென்று மார்தட்டும் எந்தப் பிள்ளைக்கும் இதை யாரும் சொல்லிக் கொடுப்பதில்லை.

வழக்கு என்று வந்தால் இன்னும் வேடிக்கை. வாடிக்கையாளர் ஒருவர் கடைமேல் புகார் சொல்கிறார், அன்று பூட்டைத் திறந்தது பெரியவர்தான் என்று வைத்துக்கொள்ளுங்கள். முழு பவர் வைத்திருக்கும் பிள்ளை கூண்டில் ஏறி அப்பாவுக்குப் பதிலாகச் சாட்சி சொல்ல முடியாது. பவர் கொடுத்தவருக்கு மட்டுமே நேரில் தெரிந்த விஷயத்தில் முகவரின் சாட்சியம் எடுபடாது என்று 2004-லேயே உச்ச நீதிமன்றம் ஒரு வங்கி வழக்கில் சொல்லிவிட்டது.

ஆக, கடைக்கு எது வேண்டுமோ அது இந்தப் பத்திரத்தில் இல்லை. கடைக்கு எது வேண்டாமோ, அதாவது வீட்டை விற்கும் அதிகாரம், அது மட்டும் சர்வே நம்பரோடு தெளிவாக இருக்கிறது. அக்காவும் தங்கையும் சந்தேகப்படுவதில் என்ன தப்பு? 2005-ஆம் வருடத் திருத்தத்துக்குப் பிறகு இந்துக் குடும்பத்தின் பூர்வீகச் சொத்தில் பெண் பிள்ளைக்கும் பிறப்பாலேயே பங்கு உண்டு. தமிழ்நாடு 1989-லேயே அந்தத் திசையில் சட்டம் செய்த மாநிலம். கடையைப் பார்த்துக்கொள்ள என்று சொல்லி அண்ணன் பெயருக்கு முழு பவர் எழுதும்போது, அந்தப் பங்கில் அவன் கை வைக்கும் வழியும் சேர்ந்தே திறக்கிறது. பாகப்பிரிவினையைப் பேசத் தைரியம் இல்லாத குடும்பங்கள் பவர் பத்திரத்துக்குப் பின்னால் ஒளிந்துகொள்கின்றன என்பது என் அபிப்பிராயம். 

இன்னொன்று, தன்னிடம் இருப்பதை மட்டும்தான் ஒருவர் பவரில் கொடுக்க முடியும். சாவிக் கடையில் இருப்பதில் பாதி அவருடையதே அல்ல. பழுதுக்கு வந்த பூட்டு வாடிக்கையாளருடையது. ஒப்பந்தச் சட்டத்தின் 151-ஆம் பிரிவுப்படி, தன் பொருளைப் போலவே அதைப் பத்திரமாக வைத்திருக்க வேண்டிய கடமைதான் கடைக்காரருக்கு உண்டு. மாதிரிக்குக் கொடுத்துவிட்டுப் போன சாவி, ஒரு கடையின் ஷட்டருக்கு எத்தனை சாவி வெட்டிக் கொடுத்தோம் என்ற தகவல் எல்லாம் அந்த மாதிரிதான். அமெரிக்காவின் கலிபோர்னியாவில் பூட்டுத் தொழில் செய்ய மாநில அரசின் உரிமம் வேண்டும். கைரேகை எடுத்துக் குற்றப் பின்னணி பார்த்த பிறகே கொடுக்கிறார்கள். நம்மிடம் அப்படி எதுவும் இல்லை. இன்னார் கடை என்பதுதான் இங்கே உரிமம். “தமக்குப் பதிலாக வேறு முகவரை நியமிக்கவும்” என்ற அந்த ஒரு வரியால், பெரியவர் முகத்தையே பார்த்திராத ஒருவன் நாளை அவர் பெயரில் யார் வீட்டுக் கதவையும் திறக்கலாம். அந்த வரி இல்லாவிட்டால், தானே செய்ய ஒப்புக்கொண்ட வேலையை முகவர் இன்னொருவரிடம் தள்ளக்கூடாது என்று 190-ஆம் பிரிவே தடுத்திருக்கும். சட்டம் போட்டிருந்த தாழ்ப்பாளைக் காசு கொடுத்துக் கழற்றுகிறோம்.

கடை நிற்கும் இடத்தையும் பாருங்கள். கோயில் ஊரில் பல கடைகளுக்குக் கோயிலே வீட்டுக்காரர். கோயில் கடையை வாடகைக்கு எடுத்தவர் உள்வாடகைக்கு விடக்கூடாது. குடும்பத்தைச் சேராத ஒருவர் கையில் முழு பவரைக் கொடுத்து அவரே கடையில் உட்கார்ந்து அவரே வாடகையும் கட்டினால், அறநிலையத் துறை அதிகாரி அதை எப்படிப் பார்ப்பார்? “பவர் இருக்குங்க” என்ற பதில் அங்கே தனக்கு எதிராகத் தானே எழுதிக் கொடுத்த வாக்குமூலம் போலத்தான் ஆகும்.

சாவி போடுகிறவர்களில் கணிசமானவர்களுக்குக் கடையே கிடையாது என்பதையும் மறந்துவிடக் கூடாது. நடைபாதையில் ஒரு பெட்டி, ஒரு குடை, ஒரு பலகை. இவர்களில் சிலரிடமும் முழு பவர் எழுதச் சொல்லிப் பேசுகிறார்கள். 2014-ஆம் வருடத் தெருவோர வியாபாரிகள் சட்டம் இதற்கு நேர் எதிராக நிற்கிறது. விற்பனைச் சான்று வாங்குகிறவர், தானோ தன் குடும்பத்தாரோதான் தொழில் செய்வோம், சான்றையும் இடத்தையும் வாடகை உட்பட எந்த வகையிலும் வேறொருவருக்கு மாற்ற மாட்டோம் என்று உறுதி கொடுக்க வேண்டும். வெளி ஆளுக்குப் பவர் எழுதினால் சான்றுக்கே ஆபத்து. அதே சட்டத்தில் இன்னொரு நல்ல ஏற்பாடு இருக்கிறது: வியாபாரி இறந்தாலோ, நிரந்தர ஊனமுற்றாலோ, நோயில் விழுந்தாலோ, சான்றின் காலம் முடியும் வரை அவர் மனைவியோ அவரைச் சார்ந்த பிள்ளையோ அந்த இடத்தில் தொழிலைத் தொடரலாம். முழு பவரால் செய்ய முடியாததைச் சட்டம் ஒரு பைசாச் செலவில்லாமல் செய்துவைத்திருக்கிறது. மாநகராட்சியில் சான்று வாங்கி வைத்துக்கொள்வதை விட்டுவிட்டு முத்திரைத் தாளுக்குச் செலவு செய்யச் சொல்வது என்ன அறிவுரை?

இங்கே வழக்கமாக ஒரு குரல் எழும். “பெத்த புள்ளைய நம்பாம வேற யாரை நம்புறது?” கேட்பவர் கண்ணில் நீர் வந்துவிட்டால் பேச்சு அத்தோடு முடிந்துவிடும். ஆனால் வரதராஜப் பெருமாள் கோயிலிலோ காமாட்சி அம்மன் கோயிலிலோ உண்டியலை ஒருவர் தனியாகத் திறந்து எண்ணுகிறாரா? செயல் அலுவலர், துறை அதிகாரி, அறங்காவலர் என்று பல பேர் முன்னிலையில்தான் திறக்கிறார்கள். செயல் அலுவலர் திருடர் என்று யாரும் நினைப்பதால் அல்ல. அவர்மேல் நாளை ஒரு பழி வராமல் இருக்கவும்தான். பிள்ளைக்கு அளவோடு அதிகாரம் எழுதுவதும் அந்த ரகம். 

கணக்கைப் பற்றி இந்த மண்ணுக்குப் பழைய பாடம் ஒன்று உண்டு. இதே மாவட்டத்து உத்திரமேரூர் கல்வெட்டுகள் முதலாம் பராந்தக சோழன் காலத்தவை, 919-ஆம் 921-ஆம் ஆண்டுகளைச் சேர்ந்தவை. குடவோலையைப் பற்றிப் பெருமையாகப் பேசுகிறோம். அதே கல்வெட்டில், வாரியத்தில் இருந்து கணக்குக் காட்டாமல் போனவருக்கும் அவருடைய நெருங்கிய உறவினருக்கும் குடவோலையில் பெயர் எழுதக்கூடாது என்று இருப்பதை யாரும் பேசுவதில்லை. பொறுப்பு கொடுத்தவன் கணக்குக் கேட்பான் என்பதை அவமானமாக எண்ணாத காலம் அது. ஒப்பந்தச் சட்டத்தின் 213-ஆம் பிரிவும் கேட்டபோது முகவர் சரியான கணக்குக் காட்ட வேண்டும் என்கிறது. முழு பவர் பத்திரங்களில் ‘கணக்கு’ என்ற சொல்லைத் தேடிப் பாருங்கள், பெரும்பாலும் கிடைக்காது.

கணக்கு இல்லாததன் விலை சரக்குக்காரரிடமிருந்து வரும். வருடக் கடைசியில் ‘இவ்வளவு பாக்கி’ என்று ஒரு காகிதம் அனுப்பிக் கையெழுத்துக் கேட்பார்கள். காலக்கெடு முடிவதற்குள் அதிகாரம் பெற்ற முகவர் அதில் கையெழுத்திட்டால், 1963-ஆம் வருடக் காலவரையறைச் சட்டத்தின் 18-ஆம் பிரிவுப்படி அந்தப் பாக்கிக்கு அன்றிலிருந்து புதிய காலக்கெடு ஓடத் தொடங்கும். பையன் சரிபார்க்காமல் போட்ட ஒரு கையெழுத்து, அப்பா எப்போதோ தகராறு செய்து நிறுத்திவைத்திருந்த பாக்கிக்கு உயிர் கொடுத்துவிடும்.

அப்படியானால் என்ன எழுதுவது? என்னைக் கேட்டால், பிள்ளைதான் கடையைத் தொடரப் போகிறான் என்பது உறுதியானால் பவரையே நினைக்க வேண்டாம், பங்குதாரர் ஆக்கிவிடுங்கள். 1932-ஆம் வருடக் கூட்டாண்மைச் சட்டத்தில், ஒரு பங்குதாரர் சித்த சுவாதீனம் இழந்ததாலேயே நிறுவனம் கலைந்துவிடாது. நீதிமன்றம் போய்க் கேட்டால்தான் கலையும். பிள்ளை தன் சொந்த உரிமையில் கடையில் உட்கார்ந்திருப்பான், அப்பாவின் நினைவைச் சார்ந்து இருக்க மாட்டான். முழு பவரால் தாண்ட முடியாத பள்ளத்தை இது தாண்டிவிடுகிறது. அதோடு, வெளிப்படையான அதிகாரம் இல்லாமல் ஒரு பங்குதாரர் நிறுவனத்தின் அசையாச் சொத்தை விற்கவோ, நிறுவனத்தின் பணத்துக்குத் தன் பெயரில் வங்கிக் கணக்குத் தொடங்கவோ முடியாதபடி 19-ஆம் பிரிவே வேலி போட்டிருக்கிறது. நிறுவனத்தைப் பதிவு செய்துகொள்ள வேண்டும். பதிவு இல்லாவிட்டால் பாக்கி வைத்தவர்மேல் வழக்குப் போட முடியாது. இரண்டே பேர் இருக்கும் கூட்டில் ஒருவர் இறந்தால் கூட்டு கலையும் என்பதால் அம்மாவையோ மகளையோ மூன்றாவதாகச் சேர்த்து, ஒருவர் இறந்தாலும் மற்றவர்கள் தொடரலாம் என்று எழுதிக்கொள்வது நல்லது.

பிள்ளைக்கு ஒரகடத்து வேலைதான் பிடிக்கிறது, கடையைப் பார்ப்பது வேலையாள் என்றால் பவர் வேண்டியதுதான். கடைக்கு மட்டும், காரியத்தைப் பெயர் சொல்லி, காலத்தையும் குறித்து எழுதுங்கள். இன்னின்ன கணக்கில் இவ்வளவு ரூபாய் வரை காசோலை, அதற்கு மேல் போனால் இருவர் கையெழுத்து. சரக்கு வாங்கலாம், கடன் வாங்கக் கூடாது. பாக்கிச் சீட்டில் கையெழுத்துப் போடும் முன் பெரியவரிடம் காட்ட வேண்டும். வேறு ஆளை நியமிக்க முடியாது. மாதாமாதம் கணக்கு. சாவிக் கடைக்கென்று இன்னும் இரண்டு வரி நானாக இருந்தால் சேர்ப்பேன்: வெளியே போய்க் கதவோ பீரோவோ திறக்கும்போது, திறக்கச் சொன்னவரின் அடையாளத்தைப் பார்த்து, தேதியோடு நோட்டில் எழுதி, கையெழுத்து வாங்க வேண்டும், வாடிக்கையாளர் கொண்டுவந்த சாவிக்கு அவர் கேட்ட எண்ணிக்கைக்கு மேல் பிரதி எடுத்தால் அந்த நிமிடமே அதிகாரம் முடிந்தது. இதில் அசையாச் சொத்து எதுவும் இல்லாததால் பதிவு அலுவலகம் போக வேண்டிய கட்டாயமும் இல்லை. உரிய முத்திரைத் தாளில் எழுதி நோட்டரி முன்னால் கையெழுத்திட்டால், அது முறையாக எழுதப்பட்டதென்று நீதிமன்றமே அனுமானித்துக்கொள்ளும். வங்கிக்குத் தனியே அவர்கள் படிவத்தில் அதிகாரக் கடிதம் கொடுத்துவிடலாம்.

இறப்புக்குப் பிந்தைய ஏற்பாட்டை உயிலிடம் விடுங்கள். கணக்குக்கு நியமனதாரர் பெயர் கொடுங்கள். தனிநபர் வியாபாரக் கணக்குக்கும் கொடுக்கலாம். ஜிஎஸ்டி எண் இருந்தால் அது பெரியவரின் பான் எண்ணோடு பிறந்தது, அவரோடு போய்விடும், வாரிசு புதிதாக வாங்க வேண்டும். அந்த இடைப்பட்ட நாட்களில் முகவருக்கு 209-ஆம் பிரிவு ஒரே ஒரு வேலையை விட்டுவைக்கிறது: தன்னிடம் ஒப்படைத்ததை வாரிசுகளுக்காகப் பத்திரமாகப் பார்த்துக்கொள்வது. வியாபாரம் செய்யும் அதிகாரம் அதில் இல்லை.

“இதுக்கெல்லாம் நாலு காகிதம் ஆகுமே, ஒரே பத்திரத்துல முடியறதை எதுக்கு இழுக்கணும்?” என்பார்கள். நாலு காகிதம்தான். ஆனால் ஒன்றைக் கிழித்தால் மற்ற மூன்றும் நிற்கும். முழு பவரைக் கிழிக்க வேண்டி வரும் நாளில் எல்லாம் ஒரேயடியாக நிற்கும். ரத்துப் பத்திரம் எழுதினால் போதும் என்பதும் தவறு. 208-ஆம் பிரிவுப்படி, ரத்தான விஷயம் முகவருக்குத் தெரியும்போதுதான் அவரைக் கட்டும். வெளியாட்களைப் பொறுத்தவரை அவர்களுக்குத் தெரியும்போதுதான். பெட்டிக்குள் கிடக்கும் ரத்துப் பத்திரத்தைத் திண்டுக்கல் சரக்குக்காரர் எப்படி அறிவார்? வங்கிக்கு எழுத்தில் கொடுத்து, பெற்றுக்கொண்டதற்கு முத்திரை வாங்க வேண்டும். சரக்குக்காரர்களுக்குப் பதிவுத் தபால் அனுப்ப வேண்டும். வாடகை வாங்குகிறவருக்குச் சொல்ல வேண்டும். கடை வாசலில் எழுதி ஒட்ட வேண்டும். பழைய முகவரிடமிருந்து அசல் பத்திரம், காசோலைப் புத்தகம், வாடிக்கையாளர் நோட்டு மூன்றையும் திரும்ப வாங்க வேண்டும். அன்று சாயங்காலமே கடையின் ஷட்டர் பூட்டையும் மாற்றிவிட வேண்டும். அந்த ஒரு வேலைக்காவது இவர்கள் வெளியே ஆள் தேட வேண்டியதில்லை.